தரம் கேட்பவர்கள் தராசை மட்டும் பார்ப்பது ஏன்?

கொழுந்து மடுவத்தில் நாம் ஓயாமல் கேட்கும் சொல் தரம். முத்தல் கலந்திருக்கிறது, ஊவாத் தேயிலையின் பெயர் கெடுகிறது என்பார்கள். அதே வாயால் இன்னும் இரண்டு கிலோ எங்கே என்றும் கேட்பார்கள். இந்த இரண்டு பேச்சும் எப்படிச் சேரும்?

தென்கொரியாவில் கிட்டார் செய்த தொழிலாளர்களும் இதே கேள்வியைக் கேட்டவர்கள்தான். அங்கே இஞ்சன், தேஜோன் நகரங்களில் கோர்ட் கம்பனியின் தொழிற்சாலைகள் இருந்தன. உலகப் புகழ்பெற்ற வேறு பிராண்டுகளுக்கும் அங்கே கிட்டார் செய்தார்கள். மரத்தை இழைத்து, கழுத்துப் பகுதியில் உலோகக் கட்டைகளை மயிரிழை தவறாமல் பதிக்க வேண்டும். ஒரு கட்டை தள்ளிப் பதிந்தாலும் சுருதி சேராது. அத்தனை நுணுக்கம் தெரிந்தவர்கள் மரத்தூளையும் பெயின்ட் நெடியையும் சுவாசித்தபடி வேலை செய்தார்கள். தேஜோனில் ஜன்னலே இல்லை. வெளியே பார்த்தால் வேலை கெடும் என்பது முதலாளியின் எண்ணம் என்றார்கள் தொழிலாளர்கள். (நம் துரைமாருக்கு மலையை மூடி அடைக்க வழியில்லாமல் போய்விட்டது!)

சங்கம் அமைத்து நியாயம் கேட்டார்கள். 2007இல் இஞ்சனில் பலர் நீக்கப்பட்டார்கள். தேஜோன் பூட்டப்பட்டது. அடுத்த ஆண்டு இஞ்சனும் பூட்டப்பட்டது. சம்பளம் குறைந்த சீனாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் உற்பத்தி போனது. கிட்டார் செய்யத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாதிருந்தவர்கள், போராட்டக் காலத்தில் வாசிக்கப் பழகி இசைக்குழுவே அமைத்தார்கள். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் டொம் மொரெல்லோ அவர்களுக்கு ஆதரவு தந்தார். 2019 ஏப்ரலில்தான் உடன்பாடு வந்தது: கடைசிவரை நின்ற மூவருக்குப் பெயரளவில் ஒரு மாத வேலை, சங்க உறுப்பினருக்கு இழப்பீடு. பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்துக்கு இது போதாது. ஆனால் அந்தக் கிட்டாரின் தரம் யார் கையில் இருந்தது என்பதை உலகமே தெரிந்துகொண்டது.

இனி நம் மலைக்கு வருவோம். தெமோதரைப் பக்கம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வரண்ட காற்று அடிக்கும்போது வரும் கொழுந்துக்குத்தான் ஊவாவின் தனி வாசம், கொழும்பு ஏலத்தில் நல்ல விலை. காற்று மட்டும் அந்த வாசத்தைத் தந்துவிடாது. இரண்டு இலையும் ஒரு குருத்துமாகப் பார்த்துக் கிள்ள வேண்டும். சாக்கில் அமுக்காமல் கொண்டுவர வேண்டும். அமுக்கினால் இலை நசுங்கி, சூடேறிச் சிவந்துவிடும். பிறகு ஸ்டோரில் யாராலும் திருத்த முடியாது.

அந்த வரட்சியில்தான் கொழுந்து மெதுவாக வளரும். நிறை மட்டும் குறைவதில்லை. எடுக்காவிட்டால் அரைப் பேர். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவானபோது பல தோட்டங்களில் நிறையைக் கூட்டினார்கள். அரைப் பேருக்குப் பயந்து ஓடுகிற விரல் முத்தலையும் சேர்த்துத்தான் பிடுங்கும். இதில் பறிக்கிற அக்காமாரின் குற்றம் என்ன?

ஆகவே அடுத்த பேச்சுவார்த்தையில் கிலோவோடு நல்ல இலைக்கும் தனிக் காசு கேட்க வேண்டும். வரட்சி மாதங்களில் நிறை இறங்க வேண்டும். மலையில் புல் வெட்டியிருக்க வேண்டும். தரம் என்று சொல்லிச் சம்பளத்தை வெட்ட இன்னொரு வழி திறந்துவிடுவோமோ என்று சில தோழர்கள் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானது. அதனால் இலைச் சோதனை மடுவத்திலேயே, பறித்தவர் முன்னாலும் தோட்டத் தலைவர் முன்னாலும் நடக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

காற்று தொடங்குமுன் ஒவ்வொரு டிவிசனிலும் தலைவர்மார் சென்ற வருட நிறைக் கணக்கையும் அரைப் பேர் விழுந்த நாட்களையும் எழுதி, மாவட்டக் காரியாலயத்தில் கொண்டுவந்து தாருங்கள்.