ஹம்லெட்டின் உம்மா



இம்மாதம் சினிமாவைப் பற்றிக் கொஞ்சம் பேசப் போகிறேன். "நமது பக்கத்தில் சினிமாவா?" என்று முகஞ் சுளிக்க வேண்டாம். நானூறு வருடத்துப் பழைய மேடை நாடகம் ஒன்றை எடுத்து, அதை ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கதையாக மாற்றியிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்து உம்மாவை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் என் அக்கறை.

நமது வாவியின் படுவான்கரைக் கிராமங்களில் கூத்து எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்தானே. நடுவே வட்டக் களரி, சுற்றிவரச் சனம். மத்தளம் முழங்க, வருகிறவர் தாம் யார் என்பதைத் தாமே பாடி ஆடிச் சொல்வார். விடிய விடிய நடக்கும். இந்த விடிய விடியக் கூத்தைச் சுருக்கிப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டு போவதற்கே 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தனும், நமது மட்டக்களப்பின் சி. மௌனகுருவும் எவ்வளவு பாடுபட்டார்கள்! சினிமா என்றால் இன்னும் சிக்கல். கமெராவுக்கு ஒரே ஒரு கண். களரியின் முன்னே அதை நட்டு வைத்துப் படம் பிடித்தால் நாடகமும் இராது, படமும் இராது. ஆகவே துணிந்தவர்கள் நாடகத்தை உடைத்துப் போட்டுத் திரும்பக் கட்டுகிறார்கள்.

ஜப்பானின் அகிரா குரோசாவா 1957இல் ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்'தை அப்படித்தான் உடைத்தார். வசனங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டார். கணவனைக் கொலைக்குத் தூண்டும் மனைவியின் முகம் 'நோ' என்னும் ஜப்பானியப் பழம் நாடகத்தின் முகமூடி போல அசையாதிருக்கும். அவள் நடக்கும்போது பட்டுடை உரசும் ஓசை மட்டும் கேட்கும். அதுவே போதும், குலை நடுங்கும். கேரளத்தின் ஜி. அரவிந்தன் சி. என். ஸ்ரீகண்டன் நாயரின் நாடகத்தை வைத்து 1977இல் 'காஞ்சன சீதா' எடுத்தார். அதில் சீதையாக நடிக்க ஆளே இல்லை! காற்றும் மரமும் ஆறும்தான் சீதை.

இனி நம் கதைக்கு வருவோம். 2014இல் வெளியான 'ஹைதர்'. இயக்கியவர் விஷால் பரத்வாஜ். அவருடன் சேர்ந்து எழுதியவர் காஷ்மீர்ப் பத்திரிகையாளர் பஷாரத் பீர். மூலம் 'ஹம்லெட்'. அரசனை அவன் தம்பி கொன்று, அரசியையும் மணந்துகொள்கிறான். இறந்தவனின் ஆவி மகனிடம் வந்து பழிவாங்கச் சொல்கிறது. மகன் தவிக்கிறான். அரசிக்கு முன்பே விசயம் தெரியுமா, தெரியாதா? ஷேக்ஸ்பியர் வாய் திறக்கவில்லை. மகன் பக்கம் பக்கமாகப் பேசுகிறான், தாய்க்கோ கொஞ்ச வசனந்தான். எனக்கு இது நெடுநாளைய குறை.

படத்தில் டென்மார்க் அரண்மனை 1995ஆம் ஆண்டுக் காஷ்மீர் ஆகிவிட்டது. வாப்பா ஹிலால் மீர் ஒரு டாக்டர். வருத்தமாய்க் கிடந்த ஆயுததாரி ஒருவனை வீட்டுக்குக் கொண்டுவந்து சத்திரசிகிச்சை செய்கிறார். மறுநாள் இராணுவம் ஊரை வளைக்கிறது. முகத்தை மூடிய ஒருவனுக்கு முன்னால் ஆண்கள் நிறுத்தப்படுகிறார்கள். அவன் யார் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, தலையாட்டி என்றாலே நம் பக்கத்துப் பிள்ளைக்கும் விளங்கும். டாக்டர் பிடிபடுகிறார், வீடு தகர்க்கப்படுகிறது. உம்மா கசாலா தன்னை 'அரை விதவை' என்கிறாள். கணவன் இருக்கிறானா, மௌத்தாகிவிட்டானா என்று அறியாதவளுக்குக் காஷ்மீரில் வழங்கும் பெயர் அது.

ஆவியையும் அழகாக மாற்றியிருக்கிறார்கள். வருகிறவன் உயிருள்ள மனிதன், டாக்டரோடு சிறையில் கிடந்து தப்பியவன். பெயர் ரூஹ்தார். 'ரூஹ்' என்றால் என்னவென்று நமக்குத் தெரியும், ஆங்கிலப் பார்வையாளர்களுக்குத்தான் விளக்கம் வேண்டியிருக்கும்! இன்னொரு காட்சியையும் சொல்லியாக வேண்டும். ஒரு மனிதன் தன் சொந்த வீட்டு வாசலிலே நிற்கிறான், உள்ளே போக மாட்டான். ஒருவர் வந்து உடம்பைத் தடவிச் சோதித்து, அடையாள அட்டையைக் கேட்ட பிறகுதான் உள்ளே போகிறான். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி வாழ்ந்த நமக்குச் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும்.

அரசிக்குத் தெரியுமா என்ற கேள்விக்குப் படம் நேரான பதில் வைத்திருக்கிறது. வீட்டில் ஆயுததாரி இருப்பதைப் பயத்தில் கணவனின் தம்பியிடம் சொன்னவள் கசாலாதான். அவன் காட்டிக்கொடுப்பவன் என்று அவளுக்குத் தெரியாது. பயந்துபோன பெண் சொன்ன ஒரு சொல்! அரண்மனைச் சதியைவிட இது எனக்கு நெஞ்சில் தைக்கிறது. வீடும் போய், கணவனுடைய குடும்ப வீட்டில், அதே தம்பியின் நிழலில் இருக்கிறாள், பின்னர் அவனையே மணக்கிறாள். நம் ஊர்களில் வீடு பெண்ணுக்கு என்பதால், புருஷன் போனாலும் நிற்க ஒரு கூரை மிஞ்சும். கசாலாவுக்கு அதுவும் இல்லை.

'இத்தா' எப்போது தொடங்குவது என்றே தெரியாத இப்பெண்களைப் பற்றிக் காஷ்மீர் உலமாக்கள் 2013 டிசம்பரில் கூடிப் பேசி, நான்கு வருடம் காத்திருந்த பின் மறுமணம் செய்யலாம் என்றார்கள். இங்கே மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்று கூறும் சான்றிதழை வழங்க 2016இல் சட்டம் வந்தது. 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் வழிமறிக்கப்பட்ட முஸ்லிம்கள் காத்தான்குடிக்கு வந்து சேரவில்லை. அதே வருடம் செப்டம்பரில் வந்தாறுமூலை அகதி முகாமிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ் இளைஞர்களும் திரும்பவில்லை. அந்தச் சட்டம் வரும்போது அவர்களின் மனைவிமாருக்கு இருபத்தாறு வருடம் போயிருந்தது.

படத்தின் முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. பழிக்குப் பழி பழியைத்தான் பெறும் என்று மகனுக்கு எடுத்துச் சொல்லும் பெரிய வார்த்தையைக் கசாலாவின் வாயில் வைக்கிறார்கள். மகனும் கடைசியில் சிற்றப்பனைக் கொல்லாமல் விட்டுவிட்டு நடக்கிறான். ஷேக்ஸ்பியரை இந்த அளவு மீறியது பெரிய துணிச்சல். ஆனால் அதற்குள் கசாலா உடம்பில் வெடிகுண்டைக் கட்டித் தன்னையே மாய்த்துக்கொள்கிறாள். தற்கொலை ஹராம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நாடகத்தில் அரசி நஞ்சைக் குடித்துச் சாகிறாள் என்பதற்காக, இவளும் எப்படியாவது சாக வேண்டும் என்று நினைத்தார்களா? மற்றதையெல்லாம் மாற்றத் துணிந்தவர்கள் இதை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?

பர்வீனா அஹாங்கர் என்ற தாயின் மகன் 1990இல் ஸ்ரீநகரில் பிடித்துச் செல்லப்பட்டான். அவர் 1994இல் மற்றத் தாய்மாரையும் அரை விதவைகளையும் சேர்த்துச் சங்கம் ஒன்று அமைத்தார். பல வருடங்களாக மாதம் ஒருமுறை அவர்கள் ஸ்ரீநகர்ப் பூங்கா ஒன்றில், பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் எழுந்து, படங்களைத் துணியில் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குச் சமைக்கப் போனார்கள்.