களம் கண்ட பொம்மை வீரர்கள்

நவராத்திரி வந்தால், கொலுப்படிக்கு முன்னே பூங்கா அமைக்கும் பொறுப்பை நம் வீட்டுச் சிறுவர்கள் ஏற்பது வழக்கம். ஹைதராபாத்தில் வளரும் பிள்ளைகள் அங்கே கோல்கொண்டா முற்றுகையைக் காட்ட விரும்பினால் வியப்பில்லை. ஆயினும், அடிபட்ட வீரர்களைக் கொலுவில் வைக்கலாமா என்று பெரியோர் தயங்கக்கூடும். மூளியான பொம்மை கொலுவுக்கு ஆகாது என்பது நம் மரபன்றோ?

பொம்மையை உடைக்க வேண்டியதே இல்லை. முழுப் பொம்மையின்மீது வண்ணத்தாலேயே சேதத்தைக் காட்டிவிடலாம். மரபும் பிழைக்கும், பிள்ளைகளின் ஆசையும் நிறைவேறும்.

கவசத்தில் வண்ணம் முதலில் தேய்வது விளிம்புகளில்தான். சிறு ஸ்பாஞ்சுத் துண்டைக் கரும்பழுப்பு வண்ணத்தில் தோய்த்து, பெரும்பகுதியைக் காகிதத்தில் ஒற்றிவிட்டு, கேடயத்தின் ஓரங்களில் மெல்லத் தொட வேண்டும். அப்புள்ளிகள் சிலவற்றின் நடுவே துளி வெள்ளி வண்ணம் இட்டால் உள்ளிருக்கும் உலோகம் தெரிவதுபோல் தோன்றும். வாள்வெட்டுக்கு மெல்லிய கருங்கோடு ஒன்று. அதன் கீழே அதனினும் மெல்லிய வெளிர்கோடு. மேலிருந்து விழும் ஒளி, வெட்டின் கீழுதட்டில் படுவதே அதற்குக் காரணம். முடிவில் பளபளப்பில்லாத வார்னிஷ் பூசினால் புதுமை மறையும்.

எங்கே எந்தக் கறை என்பதைச் சரித்திரமே சொல்லும். 1687ஆம் ஆண்டு ஔரங்கசீப்பின் படை ஏறத்தாழ எட்டு மாதம் கோல்கொண்டாவை முற்றுகையிட்டது. இடையே மழைக்காலமும் வந்தது. ஆகவே வெளியே நின்ற வீரனுக்குப் பாதம் முதல் முழங்கால் வரை சேறு. மேலே செல்லச் செல்ல அது குறைய வேண்டும். பீரங்கியருகே நிற்பவனுக்கு முகத்திலும் கையிலும் புகைக்கரி. இறுதியில் உள்ளிருந்தவன் ஒருவன் வாயிலைத் திறந்துவிட்டதனால் கோட்டை வீழ்ந்தது. எனவே, எங்கும் செந்நிறத்தை வாரி இறைப்பது சரித்திரத்துக்கும் பொருந்தாது, கண்ணுக்கும் அழகாகாது.

பாட்டியார் காலத்து மண்பொம்மைகளிலும், கொண்டப்பள்ளி, நிர்மல் மரப்பொம்மைகளிலும் இவ்வேலையைச் செய்யலாகாது. கடையில் மலிவாய்க் கிடைக்கும் பிளாஸ்டிக் வீரர்களே போதும். அவர்களைப் படியில் ஏற்றாமல் பூங்காவிலேயே நிறுத்துவோம். ஒவ்வொரு கறையும் எதனால் வந்தது என்று பிள்ளைகளையே சொல்லச் செய்வோம். போர் என்பது அணிவகுப்பு மட்டுமன்று, பசியும் சேறும் களைப்பும் அதில் உண்டு என்பதை அவர்கள் அப்போது தாமே உணர்வார்கள்.