எல்லாச் சிப்பியையும் அள்ளாதீங்கவே!

கெர்னல்ல பக் வந்தா நம்ம ஆளுங்க முதல் வேலையா 'கரண்ட்_ட்ரேசர்' ஃபைல்ல 'ஃபங்ஷன்'னு எழுதி எல்லாத்தையும் தொறந்து விட்டுர்றாங்க. அப்புறம் லட்சம் வரியைப் பார்த்து 'ஒண்ணும் புரியலை'ன்னு புலம்பல் வேற.

எங்க தூத்துக்குடியில கடைசி முத்துக்குளிப்பு 1961-ல. அந்தக் காலத்துலயும் கண்ட பார்ல குதிச்சிர மாட்டாங்க. முதல்ல மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, முத்தோட மதிப்பைப் பார்த்துட்டுத்தான் குளிப்பையே அறிவிப்பாங்க.

2008-ல லினக்ஸ் 2.6.27-ல எஃப்ட்ரேஸ் வந்தப்பவே வடிகட்டியும் கூட வந்துருச்சு. 'செட்_எஃப்ட்ரேஸ்_ஃபில்டர்' ஃபைல்ல வேணுங்கிற ஃபங்ஷன் பேரை எழுதினாப் போதும். வேண்டாததை ஒதுக்க 'செட்_எஃப்ட்ரேஸ்_நோட்ரேஸ்'. யார் தொடுறாங்க?

'எதையாவது விட்டுட்டா?'ம்பீங்க. அய்யா, பஃபர் வட்டமா ஓடுது. நிறைஞ்சா பழசை அழிச்சுட்டுத்தான் புதுசை எழுதும். எல்லாத்தையும் பிடிக்கப் போனா உங்களுக்கு வேண்டிய அந்த ஒத்தை வரிதான் அழிஞ்சு போகும். மெஷினும் மந்தமாகும், டைமிங் பக்கா இருந்தா ஓடி ஒளிஞ்சுக்கும்.

நானும் ரெண்டு ராத்திரி அப்படி முழிச்சவன்தான். மூணாம் நாள் ஒரு டிரைவரோட ஃபங்ஷன்களை மட்டும் வடிகட்டினேன். பத்தே நிமிஷம், விடுவிக்காத லாக் மாட்டுச்சு.

வடிகட்டிங்கிறது ஒரு ஊகம்தான், ஒத்துக்கிறேன். ஊகம் தப்பினா தப்பான பார்ல குளிப்பீங்க. அதுக்கு மருந்து பாரை மாத்துறது. கடலையே கரையில கொட்டுறது இல்ல.

ஊகிக்கச் சோம்பல்பட்டுட்டு அதுக்கு 'முழுமையான ட்ரேஸ்'னு பேர் வைக்காதீங்கவே. மறுப்பு இருந்தா பின்னூட்டத்துல வாங்க, பேசுவோம் :-)