பெயர் பிழைபட்டால் வீரனும் பொய்யோ?

மேரு, காப்பார், கிள்ளான் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில், “எங்கள் பாட்டனார் நேதாஜி படையில் இருந்தவர்” என்னும் பேச்சு இன்றும் வழங்குகிறது. அதனைக் கேட்டவுடன், “ஆவணம் உண்டா?” என வினவி, இல்லையெனில் கட்டுக்கதை என்று தள்ளிவிடும் கற்றோர் சிலர் நம்மிடையே உளர். ஆவணம் கேட்பது தவறன்று. அதனை எழுதியவர் யார், எழுதாமல் விட்டவர் யார் என்று கேளாதிருப்பதே தவறு.

தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தையின் பெயரே முன்னெழுத்து. ஆங்கிலத்திலோ ழகரத்திற்கு எழுத்தில்லை. குறில் நெடிலும் தெளிவாய் விளங்குவதில்லை. பழனி என்பவர் கப்பற் பதிவில் ‘பலனி’ ஆகலாம். தோட்டத்துச் செக்ரோலில் ‘பல்லானி’ ஆகலாம். 1948இல் தொடங்கிய அடையாள அட்டைப் பதிவில் ‘பளனி’ ஆகலாம். கிராணியின் காதில் விழுந்ததே பெயர். அவர் மதித்ததே வயது. மூவரும் ஒருவரே என மெய்ப்பிக்கப் பேரன் படும் பாடு கொஞ்சமன்று.

1941 மே மாதம் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை ஒடுக்கப் படை ஏவப்பட்டது, ஐவர் மாண்டனர். ஈராண்டுக்குப் பின், 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபோது, மலாயாத் தோட்டங்களினின்று தமிழர் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். ஜான்சிராணிப் படையில் வசதியான குடும்பத்திற் பிறந்த கோலாலம்பூர் ஜானகியின் பெயர் நிலைத்தது. அவரோடு அணிவகுத்த பால்மரம் சீவிய பெண்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவர்?

பேரரசுக்காக மாண்டோரின் பெயர்கள் 24,000க்கு மேல் சிங்கப்பூர்க் கிராஞ்சி நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அதே நகரில் இந்திய தேசிய இராணுவம் 1945 ஜூலையில் எழுப்பத் தொடங்கிய நினைவுச்சின்னத்தையோ, திரும்பி வந்த ஆங்கிலேயர் செப்டம்பரில் தகர்த்தனர். பிடிபட்ட வீரரை ‘வெள்ளை’, ‘சாம்பல்’, ‘கறுப்பு’ எனத் தரம்பிரித்தனர். இந்நிலையில் தோட்டத்திற்குத் திரும்பியவர் வாய்மூடிக் கிடந்ததில் வியப்பென்ன? அந்த மௌனத்தையே அவருக்கு எதிரான சான்றாக்குவது அறமாகுமா?

ஆயினும், சான்றின்றிப் பாட்டனார் படத்திற்கு மாலையிட்டுக் ‘கேப்டன்’ பட்டம் சூட்டுவதும் வரலாறாகாது. பொய்ப்பெருமை, மெய்யாகப் போரிட்டவரையும் ஐயத்திற்கு உள்ளாக்கும்.

செய்யத்தக்கது ஒன்றுண்டு. தமிழாசிரியர் தம் மாணவரைக் கொண்டு முதியோரின் பெயர், தந்தை பெயர், தோட்டத்தின் பெயர், தாயகத்து ஊர் ஆகியவற்றைத் தமிழெழுத்தில் முதலில் எழுதி வாங்கட்டும். பின்னர் அப்பெயர் ஆங்கிலத்தில் எவ்வாறெல்லாம் திரியக்கூடும் என்று பட்டியலிட்டு, கோலாலம்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்திலும் புதுதில்லிக் காப்பகத்திலும் தேடட்டும். பெயர் மாறினும் தந்தை பெயரும் தோட்டமும் ஊரும் ஒத்துவரின், ஆளை இனங்காணலாம். ழகரத்தையும் ளகரத்தையும் பிரித்தறியக் கற்பிப்பவர்க்கன்றி வேறெவர்க்கு இப்பணி உரியது?

தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாகி வருகின்றன. டிரங்குப் பெட்டிகள் குப்பைக்குப் போகின்றன. முதியோரும் ஒருவர்பின் ஒருவராய் மறைகின்றனர். ஆவணம் இல்லை என்று இன்று சொல்லிக் கைகட்டி நிற்போர், நாளை கேட்பதற்கும் ஆளின்றி நிற்பர்.