பஞ்சாயத்தார் தேவை

காலை எட்டு மணி. ஒரு வீட்டுக் கதவு திறக்கவில்லை. வாசலில் பால் பாக்கெட் அப்படியே கிடக்கிறது. தட்டினால் பதில் இல்லை. போலீஸ் வந்து கதவை உடைக்கிறது. உள்ளே அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், நாலு பேரும் இறந்துகிடக்கிறார்கள்.

இந்தத் தெரு சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கலாம். ராசிபுரத்தில் இருக்கலாம். நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்குப் பின்னால் ஏதோ ஒரு சந்தாகவும் இருக்கலாம். அடுத்து நடப்பது எல்லா இடத்திலும் ஒன்றுதான். உடல்கள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் டீக்கடையில் காரணம் ரெடி.

‘‘கடனுங்க. சீட்டு நடத்தி நல்லா மாட்டிக்கிட்டாப்ல.’’

‘‘அதெல்லாம் இல்லீங்கொ. அந்தப் பொம்பளைக்கு வேற எங்கியோ பழக்கமாமா.’’

‘‘நேத்து அமாவாசைங்க. ஏதோ பூசை பண்ணியிருக்காங்க. ராத்திரி பூரா லைட்டு எரிஞ்சுது.’’

கடன், கள்ளத்தொடர்பு, மாந்திரீகம். நம் தெருத் துப்பறிவாளர்களிடம் ஸ்டாக் இருப்பது இந்த மூன்று சரக்குதான். இறந்தவர்களில் இளவயதுப் பெண் இருந்தால் இரண்டாவது. வீட்டில் கொஞ்சம் பெரிய பூஜையறை இருந்தால் மூன்றாவது. இரண்டும் இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது முதலாவது. டாக்டர் கத்தியை எடுக்கும் முன்பே தெரு தன் பிரேதப் பரிசோதனையை முடித்துக் கையெழுத்தும் போட்டுவிடுகிறது.

‘‘பேசுனா என்ன சார் தப்பு? மனுஷ சுபாவம்தானே?’’ என்று நீங்கள் கேட்கலாம். சுபாவம்தான். ஆனால் இந்தச் சுபாவம் ஒரு விஷயத்தில் மகா கெட்டிக்காரத்தனமானது. தனக்குச் செலவு வைக்காத சாவைப் பற்றி மட்டும்தான் அது பேசும். கேட்டே ஆகவேண்டிய சாவு வரும்போது அதற்கு வாய் அடைத்துவிடும். அதுதான் என் கோபம்.

*

முதலில் நாடே சேர்ந்து துப்பறிந்த ஒரு வீட்டைப் பார்ப்போம்.

2018 ஜூலை 1. வடக்கு டெல்லியில் புராரி, சந்த் நகர். ஒரே குடும்பத்தில் பதினோரு பேர், 15 வயதுப் பையன்கள் முதல் 77 வயதுப் பாட்டி வரை, வீட்டுக்குள் இறந்துகிடந்தார்கள். மளிகைக் கடையும் பிளைவுட் கடையும் நடத்தி வந்த சாதாரணக் குடும்பம். காலையில் கடை திறக்காததைப் பார்த்துத்தான் அக்கம்பக்கத்தில் சந்தேகம் வந்தது. இரண்டு வாரம் முன்புதான் அந்த வீட்டுப் பெண் ஒருத்திக்கு நிச்சயதார்த்தம் நடந்திருந்தது.

அன்று மாலைக்குள் எத்தனை கதைகள்! அந்த வீட்டுச் சுவரில் பதினோரு பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நாலு நேராக, ஏழு வளைந்து. இறந்தவர்களில் ஆண்கள் நாலு, பெண்கள் ஏழு. போதாதா? ஆவி வெளியேறக் குழாய் வைத்தார்கள் என்று டி.வி.க்காரர்கள் பலகை போட்டு விளக்கினார்கள். வீட்டைக் கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரரின் குடும்பத்துப் பெண் ஒருவரைப் பிடித்து, இவர்தான் பின்னணியில் இருந்த சாமியாரிணி என்று காட்டினார்கள். குழாய்கள் காற்றோட்டத்துக்கு வைத்தவை. அந்தப் பெண்ணுக்கும் சாவுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் அவர் முகம் ஊர் பூராவும் போய்ச் சேர்ந்துவிட்டதே, அதை யார் திருப்பி வாங்குவது?

ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். உங்கள் வீட்டு ஜன்னலில் எத்தனை கம்பி? வீட்டில் எத்தனை பேர்? இரண்டும் பொருந்தவில்லையா? சரி, மாடிப்படியை எண்ணுங்கள், செருப்பை எண்ணுங்கள். எங்கேயாவது பொருந்தியே தீரும். நீங்கள் எல்லோரும் உயிரோடு இருப்பதால் அது வெறும் ஜன்னல். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதுவே ‘மர்ம ஜன்னல்’.

புராரியில் உண்மையில் கிடைத்தது என்ன? பதினோரு வருஷமாக எழுதி வைக்கப்பட்ட நோட்டுப் புத்தகங்கள். இறந்துபோன அப்பா தன் மூலமாகப் பேசுகிறார் என்று இளைய மகன் நம்பினார். குடும்பம் மொத்தமும் அதை நம்பியது. அவர் ‘சொன்னபடி’ செய்த சடங்கில்தான் எல்லோரும் இறந்தார்கள். மத்தியத் தடயவியல் ஆய்வகம் அந்த நோட்டுகளையும் உறவினர்களின் வாக்குமூலங்களையும் வைத்து உளவியல் பிரேதப் பரிசோதனை என்ற ஒன்றைச் செய்தது. அவர்களில் யாருக்கும் சாகும் எண்ணம் இல்லை, சடங்கின்போது நேர்ந்த விபத்து இது என்று சொன்னது. வெளியாள் கைவரிசை எதுவும் இல்லை என்று 2021ல் போலீஸ் வழக்கை முடித்தது.

ஒருவரின் மனமயக்கம் அவரோடு ஒட்டி வாழ்பவர்களையும் தொற்றிக்கொள்ளும் என்பதை 1877லேயே லாசேக், பால்ரே என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். அதாவது இது வைத்தியம் பார்க்கக்கூடிய விஷயம். பதினோரு வருஷத்தில் என்றைக்காவது ஒருநாள் ஒரு மனநல மருத்துவரின் வாசலை அந்தக் குடும்பம் மிதித்திருந்தால்? புராரியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அந்த ஒரு கேள்விதான். நாமோ குழாயை எண்ணிக்கொண்டிருந்தோம்.

பேய் வீடு என்று பேர் வாங்கிய அந்த வீட்டுக்கு 2019 கடைசியில் தைரியமாக ஒருவர் வாடகைக்கு வந்தார். அவர் தொழில் என்ன தெரியுமா? ரத்தப் பரிசோதனை நிலையம்! ஊகத்தால் நாறிய வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான குடித்தனக்காரர் கிடைக்க மாட்டார்.

*

தெருவின் தீர்ப்பு எத்தனை நேரம் தாங்கும்? நொய்டாவில் 2008 மே மாதம் நடந்ததைப் பாருங்கள். ஒரு பல் டாக்டர் தம்பதியின் 13 வயது மகள் வீட்டில் கொலையாகிக் கிடந்தாள். வீட்டு வேலைக்காரரைக் காணவில்லை. அப்புறமென்ன, அவர்தான் கொலைகாரர் என்று எல்லோருமே முடிவு கட்டினார்கள். மறுநாள் அதே வீட்டு மொட்டை மாடியில் அவருடைய பிணம் கிடைத்தது. கொலைகாரர் ஒரே நாளில் கொலையுண்டவராகிவிட்டார். ஊகம் அதோடு வெட்கப்பட்டு நின்றதா? பெற்றோர் பக்கம் திரும்பி, அந்தச் சின்னப் பெண்ணின் நடத்தையைக்கூட விட்டு வைக்காமல் பேசித் தீர்த்தது. 2013ல் பெற்றோருக்கு ஆயுள் தண்டனை. 2017 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம், ஆதாரம் போதாது என்று விடுதலை செய்தது.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். 2024 நவம்பர். சென்னையை அடுத்த குன்றத்தூர். ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். பெற்றோர் ஆபத்தான நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். எலித் தொல்லைக்காகப் பூச்சி ஒழிப்பு நிறுவனத்து ஆட்கள் வந்து வீட்டில் மருந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். குடும்பம் ஏ.சி. போட்டுத் தூங்கியது. மருந்திலிருந்து கிளம்பிய நச்சுக்காற்று வேலையைக் காட்டிவிட்டது.

பெற்றோர் பிழைத்ததால் நடந்ததைச் சொல்ல ஆள் இருந்தது. அவர்களும் போயிருந்தால்? பூட்டிய வீடு, நாலு பிணம், எலி மருந்து. நம் டீக்கடை என்ன சொல்லியிருக்கும்? ‘‘கடனுங்க. குழந்தைங்களுக்கு மருந்து வெச்சுட்டு இவங்களும்…’’ தன் பிள்ளைகளைக் கொன்றவர்கள் என்ற பட்டத்தோடு அந்தத் தாயும் தகப்பனும் சுடுகாட்டுக்குப் போயிருப்பார்கள்.

கோழிப்பண்ணைகளும் தீவன ஆலைகளும் நிறைந்த நாமக்கல் பக்கம் இது நன்றாகவே புரியவேண்டும். மக்காச்சோள மூட்டையில் வண்டு விழாமல் இருக்கப் போடுகிற மாத்திரை, காற்றிலிருக்கும் ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயுவாக மாறும். கரன்ட் போன ராத்திரியில் ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. உடலுக்குள் என்ன போயிருக்கிறது என்பதை உள்ளுறுப்புகளை எடுத்து ஆய்வகத்தில் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்கென்று சேலத்திலேயே மண்டலத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. ரிப்போர்ட் வர வாரக்கணக்கில் ஆகலாம். பொறுக்க முடியாதா நம்மால்?

*

‘‘அப்ப யாரும் சந்தேகமே படக்கூடாதுங்கிறீங்களா? போலீஸ் சொன்னதே வேதமா?’’

நல்ல கேள்வி. பதில் நம் ஊரிலேயே இருக்கிறது.

2015 ஜூன் 24. பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் ஓமலூர்ப் பையன் கோகுல்ராஜின் உடல் கிடந்தது. வீட்டுக்குள் நடந்த சாவு இல்லை இது. ஆனாலும் முதலில் தற்கொலை போலத்தான் தோன்றியது. தற்கொலைக் கடிதம்கூட இருந்தது. பெற்ற தாய் நம்பவில்லை. அவர் திண்ணையில் உட்கார்ந்து கதை பேசவில்லை. புகார் கொடுத்தார். பிரேதப் பரிசோதனை சரியாக நடக்கவேண்டும் என்று நீதிமன்றம் வரை போனார்கள். முந்தைய நாள் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் அவர் இருந்ததைக் காட்டும் கேமராப் பதிவு வழக்கில் முக்கியமான சாட்சியாகியது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. 2023ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

சந்தேகம் என்றால் இது. பேரைப் போட்டு, கையெழுத்துப் போட்டு, மிரட்டல் வந்தாலும் நின்று கேட்பது. அதற்கு விலை உண்டு. டீக்கடைச் சந்தேகத்துக்கு விலை ஒரு டீ.

இப்போது கசப்பான இடத்துக்கு வருகிறேன். தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தமிழக அரசு 1992ல் முதன்முதலில் எங்கே தொடங்கியது? சேலத்தில். அப்போது நாமக்கல்லும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1997ல்தான் தனி மாவட்டம். ஏன் சேலம்? பிறந்த பெண் குழந்தைகள் வீட்டுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்தன. ‘‘பால் புரையேறிடுச்சுங்க’’ என்றார்கள். ஊர் தலையாட்டியது. கள்ளிப்பால் என்று எல்லோருக்கும் தெரிந்த அந்தக் காலத்தில் எந்தத் திண்ணையிலாவது துப்பறிந்தார்களா? ராத்திரி லைட் எரிந்ததா என்று யாராவது கேட்டார்களா?

மருமகள்களின் சாவும் அப்படித்தான். ‘தீராத வயிற்றுவலி’ என்ற இரண்டே வார்த்தையில் எத்தனை பெண்களின் கதை முடிந்திருக்கிறது! கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் சந்தேகமான முறையில் இறந்தால் சப்-கலெக்டர் அல்லது ஆர்.டி.ஓ. விசாரிக்கிறாரே, அதற்கு வழி செய்து 1983ல் சட்டத்தைத் திருத்தியதே தெரு வாயை மூடிக்கொண்டதால்தான். பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்கும்போது ‘‘அவங்க குடும்ப விஷயம்’’. அவள் செத்த பிறகு, ‘‘அவ நடத்தையே சரியில்லீங்க’’. இரண்டுக்கும் வாய் ஒன்றுதான்.

*

உங்களுக்கு ஒரு செய்தி. சந்தேக மரணத்தில் பேச உங்களுக்குச் சட்டமே இடம் ஒதுக்கியிருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194வது பிரிவு. அந்த வட்டாரத்து மரியாதைக்குரிய ஆட்கள் இரண்டு பேராவது கூட இருக்க, போலீஸ் அதிகாரி உடலைப் பார்த்து, காயங்களைக் குறித்து, இன்ன காரணமாகத் தோன்றுகிறது என்று எழுதவேண்டும். அவர்களும் அதில் கையெழுத்துப் போடவேண்டும். நாம் அவர்களைப் பஞ்சாயத்தார் என்போம்.

கூட்டத்தைப் பார்த்து ஏட்டய்யா, ‘‘பஞ்சாயத்தாரா ரெண்டு பேர் வாங்கப்பா’’ என்று கேட்கட்டும். அதுவரை அக்குவேறு ஆணிவேறாக அலசிய கூட்டம் எப்படிக் கரைகிறது பாருங்கள். ‘‘எனக்கு எதுவும் தெரியாதுங்க.’’ ‘‘பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க.’’ கோர்ட், சாட்சி, அலைச்சல் என்ற பயம் நியாயமானதுதான். அப்படியானால் அந்தப் பயம் வாய்க்கும் கொஞ்சம் இருக்கட்டும்.

நான் கேட்பது மூன்றே விஷயம்.

ஒன்று: தெரிந்ததும் தோன்றியதும் வேறு. ‘‘ராத்திரி பதினொண்ணரைக்கு ஒரு வண்டி நின்னுச்சு’’ என்பது தெரிந்தது. அதைப் போலீஸில் சொல்லுங்கள். ‘‘அந்த வண்டிக்காரனுக்கும் அவளுக்கும்…’’ என்பது தோன்றியது. அதை விழுங்குங்கள்.

இரண்டு: செத்தவர்களுக்கு ஒரு தங்கை இருப்பாள், ஊரில் ஒரு அப்பா இருப்பார், ஹாஸ்டலில் படிக்கும் ஒரு பையன் இருப்பான். நாளைக்கு அந்தத் தெருவில் நடக்கப்போவது அவர்கள்தான். பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் உங்கள் ‘கடனுங்க’வும் ‘பழக்கமாமா’வும்தான் முதலில் விழும்.

மூன்று: துப்பறியும் ஆசை தாங்கவில்லையா? உயிரோடு இருக்கிற வீட்டில் துப்பறியுங்கள். கடை திறக்காத நண்பர், திடீரென்று யாரோடும் பேசாத பக்கத்து வீட்டம்மா, செத்தவர் தன்னோடு பேசுகிறார் என்று சொல்லும் உறவுக்காரர். போய் உட்கார்ந்து பேசுங்கள். 104க்கோ, 14416க்கோ போன் போட்டுக் கொடுங்கள். மனசு சம்பந்தமான உதவி கிடைக்கும் அரசின் இலவச எண்கள் அவை.

அதையும் தாண்டி ஒரு கதவு திறக்காமலே போய்விட்டால், ஏட்டய்யா வந்து கேட்பார்: ‘‘பஞ்சாயத்தார் யாரு வர்றீங்க?’’ கையெழுத்துப் போடத் தயாராக இருப்பவர்கள் முன்னால் வாருங்கள். மற்றவர்கள் டீயைக் குடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம்.