பிஸ்கட் போதுமா?

திருவனந்தபுரத்தில் விமானம் விட்டிறங்கி நாகர்கோவிலுக்குக் காரில் விரையும் நம்மில் பலர், ஓட்டல் தண்ணீருக்குப் பயந்து, குழந்தைக்குப் பிஸ்கட்டைக் கொடுத்தே நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்துவிடுகிறோம். பயம் நியாயமே, ஆனால் தீர்வு அதுவன்று.

கேரளத்து ஓட்டல்களில் கொதிக்கவைத்த வெந்நீர் தருவது வழக்கம். ஆவியில் வெந்த புட்டும் பழமும், இடியாப்பமும் பாலும் காரமில்லாதவை. குடும்பங்கள் அமர்ந்து சாப்பிடுகின்றனவா, கைகழுவுமிடம் சுத்தமா என்று பார்த்து நுழையுங்கள். குழந்தைக்குத் தனி நாற்காலி இல்லாவிட்டால் என்ன, நம் மடி இருக்கிறதே!

இன்னொன்று. 1956-ல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது இவ்வூர்கள் கேரளத்தில் நின்றன. ஆயினும் இங்கே தமிழ் புரியும். “அண்ணா, எனக்குப் புட்டு வேண்டும்” என்று குழந்தையே கேட்கட்டும். தமிழ் நம் வீட்டுக்கு வெளியிலும் செல்லும் மொழி என்று அதற்கு அன்று விளங்கும்.