வாயில்லாச் சீவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர்

"பதறாத காரியம் சிதறாது" என்பது நம் முன்னோர் வாக்கு. தேர்வு நாட்களில் எங்களுக்கு இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். நாங்களும் தலையை ஆட்டியிருக்கிறோம். ஆனால் அதன் பொருளை எங்களுக்கு உணர்த்தியது நாற்பது கிராம் எடைகூட இல்லாத ஒரு சின்னஞ்சிறு பறவை. அதை நாங்கள் இழந்த கதையைச் சொல்லி, அதிலிருந்து நாங்கள் கொண்ட ஒரு கருத்தையும் வாசகர்கள் முன் வைக்கவே இக்கட்டுரை.

இக்கல்வியாண்டின் தொடக்கத்தில் விடுதித் தாழ்வாரத்தில் இரண்டு பறவைகள் வளர்க்க சிஸ்டர் எங்களுக்கு அனுமதி தந்தார்கள். கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் பட்ஜரிகர் இனம் அவை. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களே இவற்றின் தாயகம். (நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது என்பதையும் தோழியருக்கு நினைவூட்டுகிறோம்.) நீல நிறத்ததற்கு நீலா என்றும், ஓயாமல் சத்தமிடுவதற்கு மணி என்றும் பெயரிட்டோம்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை. நீலா இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்துபோலக் கூண்டின் அடித்தட்டில் உட்கார்ந்திருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. தினையைத் தொடவில்லை, தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கமே போகவில்லை. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தண்ணீர் குடித்தால் பிழைத்துக்கொள்ளும் என்று ஒருத்தி சொன்னாள். நமக்குக் காய்ச்சல் வந்தால் போடும் மாத்திரையில் பாதியைக் கரைத்துக் கொடுக்கலாம் என்றாள் இன்னொருத்தி. பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரைக் கழுவி எடுத்து வந்தோம். இறுகப் பிடித்து, அலகைத் திறந்து, ஃபில்லரில் இருந்ததை ஒரே அழுத்தில் உள்ளே விட்டோம். நீலா இரண்டு முறை வாயைத் திறந்து மூடியது. மூன்றாம் முறை திறக்கவில்லை.

சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. மறுநாள் எங்களில் இருவரைக் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, நடந்ததை எங்கள் வாயாலேயே சொல்லச் செய்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார்கள்.

பறவையின் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாய் இருக்கிறது. நமக்கு இருப்பதுபோல் அதை மூடிக் காக்கும் குரல்வளை மூடி பறவைக்குக் கிடையாது. வேகமாக ஊற்றும் நீர் உணவுக்குழலுக்குப் போவதற்குப் பதில் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மேலும் பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானமும் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதனால் மூச்சுவிட முடியும். மார்பை இறுகப் பிடித்தால் மூக்கைப் பொத்தியதற்குச் சமம். அளவையும் எண்ணிப் பாருங்கள். அந்தச் சிற்றுடலுக்கு ஒரு மில்லி என்பது, நாற்பது கிலோ எடையுள்ள நமக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். அதை ஒரே மடக்கில் நம் வாயில் ஊற்றினால் என்ன ஆகும்? மனிதர்க்கான மாத்திரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"அப்படியானால் மருந்தைத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கலந்துவிடலாமே?" என்று கேட்டோம். அதிலும் இடர் உண்டாம். நோயுற்ற பறவை குறைவாகவே குடிக்கும். கசந்தால் அதையும் விட்டுவிடும். மருந்தும் உள்ளே போகாது, தாகமும் தீராது. மருத்துவரே அவ்வாறு சொன்னாலன்றி, நாமாகக் கலப்பது தகாது.

இந்தப் பாடம் தை மாதத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது. மணியும் ஒருநாள் இறகைச் சிலிர்த்து உட்கார்ந்தது. இம்முறை நாங்கள் பதறவில்லை. அன்றே மருத்துவரிடம் காட்டினோம். பறவைகள் தம் நோயை இயன்றவரை மறைக்கும். நம் கண்ணில் படும்போது நோய் முற்றியிருக்கக்கூடும். ஆகவே நாளை பார்த்துக்கொள்ளலாம் என்பது கூடாது.

டாக்டரம்மா சொன்னபடி கூண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் வெளியே ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, அப்பக்கம் 30 பாகை அளவில் வெதுவெதுப்பாக இருக்கச் செய்தோம். சூடு மிஞ்சினால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ளலாம். உட்காரும் குச்சியைத் தாழ்த்தி, அது பழகிய கிண்ணத்தையே அருகில் வைத்தோம். கொத்தமல்லித் தழையைக் கழுவி, ஈரம் சொட்டச்சொட்டக் கட்டித் தொங்கவிட்டோம். கிண்ணத்தைப் பாராத மணி, தழையில் நின்ற நீர்த்துளியை நக்கியது! அன்று விடுதியில் எழுந்த மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல இயலாது.

மருந்து கொடுக்க இருவர் வேண்டும். முதலில் ஊசியில்லாத சிரிஞ்சில் மருத்துவர் குறித்த அளவை எடுத்து வைத்துக்கொள்வோம். ஒருத்தி சிறு துணியால் மணியைச் சுற்றி, தலையின் இரு பக்கமும் விரலால் மெல்லத் தாங்கி, மார்பை அழுத்தாமல் நிமிர்த்திப் பிடிப்பாள். மற்றவள் அலகின் இடது ஓரத்தில் ஒரு துளி விடுவாள். அது விழுங்கும்வரை காத்திருந்து அடுத்த துளி. இடையில் மூச்சு வாங்கினால் உடனே கூண்டில் விட்டுவிடுவோம். விழுங்கவும் திராணியற்றுத் தலை தொங்கினால் வாயில் எதுவுமே விடக்கூடாது. அப்போது மருத்துவர்தான் தோலுக்கடியில் நீர்மம் செலுத்த வேண்டும். நாள்தோறும் காலையில் சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்தோம். பறவையிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்களும் உண்டாகையால், ஒவ்வொரு முறையும் சோப்பால் கை கழுவினோம். ஐந்தாம் நாள் மணி தினையைக் கொறித்தது. பத்தாம் நாள் பழையபடி எங்களைப் படிக்கவிடாமல் கத்தியது.

"சில நூறு ரூபாய்ப் பறவைக்கு இத்தனை பாடா? போனால் வேறொன்று வாங்கலாமே" என்று சிலர் கேட்டார்கள். விலை கொடுத்து வாங்கியதால் அதன் தாகத்துக்கு விலை குறைந்துவிடுமா? வெளியில் இருந்தால் அது தானே நீரைத் தேடிப் பறந்திருக்கும். கூண்டில் அடைத்தவர்கள் நாம்; ஆகவே அந்த நீருக்குப் பொறுப்பும் நாமே. நீலாவின் வாயில் ஊற்றியபோது நாங்கள் ஆற்ற நினைத்தது அதன் தாகத்தை அன்று, எங்கள் பதற்றத்தை. 'ஏதாவது செய்துவிட்டோம்' என்ற நிம்மதி எங்களுக்கு வேண்டியிருந்தது. அதற்கு விலை கொடுத்தது நீலா. அறியாத கையில் அன்பும் ஆபத்தாகும் என்பதே எங்கள் கருத்து.

மதிப்பிற்குரிய பெற்றோரே! உங்கள் மகள் பறவை வேண்டும் என்று அடம்பிடித்தால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே வாங்கித் தரவும் வேண்டாம். "நோய் வந்தால் ஒரு துளி மருந்து கொடுக்க உனக்குத் தெரியுமா? எந்த மருத்துவரிடம் போவாய்?" என்று கேளுங்கள். விடை தெரிந்த பிறகு கூண்டு வாங்கலாம். 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. மாவட்டங்கள்தோறும் அரசு கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. கேட்டுக் கற்பதில் வெட்கம் இல்லை.

தோழியரே, விடுதித் தோட்டத்தில் செம்பருத்திச் செடியின் அடியில் நீலா உறங்குகிறது. அந்த ஃபில்லரை நாங்கள் எறிந்துவிடவில்லை. மணியின் கூண்டருகே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம். பதற்றம் வரும்போதெல்லாம் அது எங்கள் கண்ணில் பட வேண்டும்.

— பதினோராம் வகுப்பு விடுதி மாணவியர்